வரி உடைக்காத மழை

ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் பேசுவதை முழுசாகக் கேட்கிறவர் யாருமே கிடையாது. முதல் வீட்டுக்காரருக்கு வாக்கியத்தின் தலை கிடைக்கும். நாலு வீடு தள்ளி இருப்பவருக்கு வால் கிடைக்கும். நடுவில் குழாயடியில் குடம் வைத்திருப்பவர் "இன்னாவாம்?" என்று பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டிருப்பார். எண்பதுகளின் கடைசியில், மரக்காணத்தில் ஒரு மைக்செட் கடையில் எனக்கு அந்த வேலைதான். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கிடைத்த வேலை.

கொட்டகையில் படம் மாறினால் நான் சொல்ல வேண்டும். கோயிலில் கூழ் ஊற்றினால், கரண்டு நிறுத்தினால், மாடு காணாமல் போனால், கடலில் காற்று அதிகம் படகை இறக்காதீர்கள் என்று மீன்துறை ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினால், எல்லாவற்றுக்கும் என் குரல்தான். எக்கியார்குப்பம் வரைக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவை மணலில் தள்ளிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருவோம். திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கவலை. கடைசித் தெருவில் நாய் குரைத்ததே, அந்த நேரம் பார்த்து 'நாளைக்கு' என்று சொன்னேனே, கேட்டிருக்குமா? இன்றைக்கு என்று எடுத்துக்கொண்டு யாராவது கைக்குழந்தையோடு கிளம்பிவிட்டால்? எத்தனையோ தரம் வண்டியைத் திருப்பச் சொல்லி, அதே தெருவில் மறுபடியும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மைக்செட் கடை ஒரு பாயினுடையது. சவூதியில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, கொண்டுவந்ததையெல்லாம் ஆம்ப்ளிஃபையரிலும் குழாய் ஸ்பீக்கரிலும் போட்டவர். என் இரண்டாம் சுற்று அவருக்குப் பிடிக்காது.

"ஏம்பா, ஊருக்கு ஒருவாட்டி சொன்னா போதும். நீ ஏன் வூட்டுக்கு வூடு கல்யாணப் பத்திரிகை வெச்சிட்டு வர்றே?"

"கேட்டிருக்காதுங்க பாய்."

"கேக்காதவனுக்குக் கேட்டவன் சொல்லிப்பான். பேட்டரி என்னா உன் மாமியார் வூட்டு சீதனமா?"

அதற்குப் பிறகு நான் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பழைய நோட்டீசுகளின் பின்பக்கத்தில், ஓரம் முதல் ஓரம் வரை, இடம் விடாமல் எழுதுவேன். முக்கியமான சொல் எல்லா வாக்கியத்திலும் எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டும். ஒரே இடத்தில் அல்ல. ஒன்றில் முதலில் வரும், அடுத்ததில் நடுவில், அதற்கடுத்ததில் கடைசியில். ஒரு வாக்கியத்தின் வாலைப் பிடித்தவனும் அடுத்ததற்குக் காதைத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் காதில் விழுந்தாலும் கையில் ஒன்று சிக்க வேண்டும். இது ஒரு கலை என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. பயத்தில் கண்டுபிடித்த வழி, அவ்வளவுதான்.

மத்தியான நேரத்தில் கிளை நூலகத்தில் போய் உட்காருவேன். அங்கே ஃபேன் ஓடும். ஒருநாள் மேஜையில் கிடந்த சின்னப் பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது, கவிதை என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் வரிகளே இல்லை. பத்தியாக, கட்டுரை மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் நூலகரிடம் காட்டினேன்.

"சார், அச்சுல ஏதோ ஆயிருக்குதுங்க. வரியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அது அப்படித்தான்பா. வசன கவிதை. இப்ப இப்படியும் எழுதறாங்க."

"அப்போ கவிதைன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"படிச்சதும் உள்ள ஏதாவது ஆச்சுன்னா கவிதை. ஒண்ணும் ஆவலன்னா கட்டுரை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கு உள்ளே ஏதோ ஆகியிருந்தது. ஒருவன் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறான். பூட்டினோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. பஸ் ஓடுகிறது, வாக்கியமும் கூடவே ஓடுகிறது, முற்றுப்புள்ளி வருவதற்குள் பல ஊர் தாண்டிவிடுகிறான். அதுதான் கவிதை. என்னை முன்பின் பார்த்திராத ஒருவர், என் மண்டைக்குள் நாள் முழுக்க ஓடுவதை எடுத்து அச்சடித்துவிட்டாரே என்று பதறிப்போனேன்.

அதுவரை நான் படித்த கவிதைகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் உட்கார ஓர் இடம் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்கு இறங்கலாம். கவலைப்படுகிறவனுக்கு அப்படி உட்கார இடம் யார் போட்டு வைக்கிறார்கள்? கவலை வரி வரியாக வருவதில்லை. ஒரு நினைப்பின் வாலை இன்னொரு நினைப்பு கவ்விக்கொண்டு வரும். அதற்கு இந்த அடைசலான பத்திதான் சரியான வீடு என்று பட்டது.

பிறகு நானும் எழுதிப் பார்த்தேன். கிழித்துக் கிழித்துப் போட்டதில் கிழிக்காமல் தங்கியது ஒன்றுதான். அது என் அக்காவைப் பற்றியது. அக்கா உப்பளத்தில் வேலை செய்தாள். முந்தின வருஷக் கோடையில், பாத்தியில் உப்பு நன்றாக விளைந்து வாருவதற்கு நாள் பார்த்திருந்தபோது, திடீரென்று மேற்கே கறுத்துப் பெய்த மழையில் பாதி உப்பு கரைந்துபோனது. வாரி, வரப்பில் குவித்து, மேட்டுக்குச் சுமந்து, ஓலை போட்டு மூடுவதற்குள் மழை முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. நடுவில் நிறுத்தாமல், தலையைத் துவட்டிக்கொண்டே, ஒரே மூச்சில். அந்த ஒரே மூச்சைத்தான் எழுத நினைத்தேன். ஒரே பத்தி. 'மழை வருகிறது' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில்.

எனக்கு அதில் ஓர் ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை. நான் நகராமல் ஓரிடத்தில் நின்று, கேட்கிறவர்களும் நகராமல் ஓரிடத்தில் இருந்து, நான் சொல்வதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஒரு தரம் யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான். அந்தச் சமயம் பார்த்து நூலக வாசகர்கள் ஆண்டு விழா வைத்தார்கள். உப்பள ரோட்டை ஒட்டிய மைதானத்தில், சாயந்திரம் கவியரங்கம். மைக்செட் எங்கள் கடை. நூலகர் என் தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா தலைவரா வர்றவர் காலேஜ் ஆளு. இத மேடையில கட்டுரைன்னு சொல்லிடுவார்பா. வரி வரியா உடைச்சுக் கொண்டா, உன் பேரு போட்டுடறேன்."

"உடைக்கலன்னா?"

"உடைக்கலன்னா நீ மைக் மட்டும் பாத்துக்க."

உடைத்துப் பார்த்தேன். கவியரங்கங்களில் மைக் பிடித்துப் பிடித்து எனக்கு அந்த முறை அத்துப்படி. கவிஞர் ஒரு வரி சொல்வார். நிறுத்துவார். அதே வரியை மறுபடியும் சொல்வார். கீழேயிருந்து 'ஆஹா' வரும், கைதட்டல் வரும், பிறகுதான் அடுத்த வரி. என் பத்தியை அதற்குத் தோதாகத் துண்டு துண்டாக்கி, வாரின உப்பைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் வரப்பில் நின்று வாசித்துக் காட்டினேன்.

"மழை வருகிறது..." நிறுத்தினேன். "மழை வருகிறது... மேற்கே கறுத்து... மேற்கே கறுத்து..."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். "இன்னாடா ஆச்சு உனக்கு? எப்பலேருந்து திக்குது?"

"திக்கல. கவிதை இப்படித்தான் படிக்கணும்."

"நீ மைக் டெஸ்ட் பண்ற மாதிரி இருக்குது. இத்தினி இழுத்தா மழ பேஞ்சு வுட்டே போயிடும். நான் அன்னிக்கு இப்படியா சொன்னேன்?"

"இல்ல."

"அப்புறம்?"

அவள் சொன்னது வேடிக்கைக்குத்தான். எனக்கோ அது முள் மாதிரி தைத்துவிட்டது. வரியை உடைத்தால் மேடை கிடைக்கும், ஆனால் அக்காவின் மூச்சு போய்விடும். உடைக்காவிட்டால் மூச்சு இருக்கும், மேடை போய்விடும். விழா நாள் வரைக்கும் இரண்டு தாளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கொட்டகைப் படத்தை அறிவிக்கும்போது இரண்டு தரம் தப்பாகப் பழைய படத்தின் பேரைச் சொல்லிவிட்டு, பாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது என் மகள் செல்போனில் அடிக்கடி எதையாவது காட்டுகிறாள். பத்தி பத்தியாக எழுதுகிறார்கள், கவிதை என்று தலைப்புக்கூட இல்லாமல். அவளும் அவள் தோழிகளும் அதைத்தான் விரும்பிப் படிக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "கவிதைன்னு சொல்லிக்கிட்டு வந்தா பயமா இருக்குப்பா, இது பாட்டுக்குப் பேசற மாதிரி வந்து உக்காந்துக்குது" என்கிறாள். எனக்கு அது புரிகிறது. நாள் முழுக்க யாரோ எழுதுகிற செய்திகளுக்கு நடுவில், அதே உடுப்பில் இதுவும் வந்து நிற்கிறது. படிக்கிறவர் உஷாராகும் முன்பே உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் வரி உடைக்காவிட்டால் வேலை குறைச்சல் என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் படபடப்பாக இருக்கிறது. வரி என்பது கைத்தடி. அதை விட்டுவிட்டு நடக்கிறவன் ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். எந்தச் சொல் திரும்ப வர வேண்டும், எந்த வாக்கியம் நீள வேண்டும், எது சட்டென்று முடிய வேண்டும், எல்லாவற்றையும் வாக்கியத்துக்கு உள்ளேயே செய்தாக வேண்டும். தாளின் ஓரம் உன் கையில் இல்லை, அது அச்சடிக்கிறவர் கையில். அதே உடுப்பில் வருவதால் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது எனக்கு அந்த விழாவன்றுதான் தெரிந்தது.

அன்று மத்தியானத்திலிருந்தே காற்று இல்லை. மைதானத்தில் கம்பம் நட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போதே மேற்கே வானூர்ப் பக்கம் லேசாகக் கறுப்பு. உப்பளத்து ஆட்கள் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அக்காவும் வந்து முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எல்லார் கண்ணும் மேடையை ஒரு தரம் பார்த்தால் மேற்கை ஒரு தரம் பார்த்தது. அன்றைக்கு வாரிய உப்பு நிறையப் பேருக்கு வரப்பிலேயே மூடாமல் கிடந்தது.

கவிஞர்கள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொன்னார்கள். கைதட்டல் விழுந்தது. கடைசியில் நூலகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உடைத்த தாளைக் காட்டித்தான் பேர் வாங்கியிருந்தேன். பையில் கைவிட்டேன். வெளியே வந்தது உடைக்காத தாள். கை தானாக எடுத்ததா, நான் எடுத்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மைக்கைப் பிடித்து, நிறுத்தாமல் வாசிக்க ஆரம்பித்தேன்.

"மழை வருகிறது, மேற்கே வானூர்ப் பக்கம் கறுத்துவிட்டது, உப்பு வரப்பில் கிடக்கிறது, ஓலை மேட்டில் கிடக்கிறது, காற்று நின்றுவிட்டது, நின்றால் மழை வருகிறது, கூடை எங்கே, தலைச்சும்மாடு எங்கே, கிழக்குப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, மேற்குப் பாத்தியில் மழை வருகிறது..."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். மேற்கைப் பார்த்தார்கள். ஒரு பெண் கத்தினாள்.

"ஏய், எழுந்திருங்கடி! மழ வருதாம்! மைக்ல சொல்றான்!"

அவ்வளவுதான். ஊருக்கு வருஷக்கணக்காக எந்தக் குரல் புயலையும் காற்றையும் கரண்டையும் சொன்னதோ, அதே குரல், அதே குழாய் ஸ்பீக்கர், அதே மாதிரி ஓடுகிற வாக்கியம். அதில் கவிதை என்று யாருக்குத் தெரியும்? கூட்டம் பாதிக்கு மேல் எழுந்து உப்பளத்துப் பக்கம் ஓடியது. செருப்புகள் மட்டும் மைதானத்தில் கிடந்தன. நான் நிறுத்தவா, இது கவிதை என்று சொல்லவா என்று தடுமாறுகிற நேரத்தில், பாய் மேடைக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார்.

"யா அல்லா! ஆம்ப்ளிஃபையர் நனஞ்சா என் கதி?" என்று ஒயரைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபையர்மேல் தார்ப்பாயைப் போட்டு, அதன்மேல் அவரே படுத்துக்கொண்டார்.

மைக் செத்துவிட்டது. வாக்கியம் நடுவில் நின்றது. மேடையில் தலைவர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குத்தான் கவிதைக்கு வேலி வேணும்ங்கறது. வரி இருந்திருந்தா ஜனங்க உக்காந்திருப்பாங்க." கோபமாகச் சொல்லவில்லை. திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நன்றியுரை இல்லாமலேயே கவியரங்கம் முடிந்தது.

நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஓடினவர்கள் வழுக்கி விழுந்திருந்தால்? உப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தால்? மழை வராவிட்டால் என்னை என்ன செய்வார்கள்? வந்துவிட்டால்தான் நல்லதோ? மழை வரட்டும் என்று உப்பளத்து ஊரில் ஒருவன் வேண்டிக்கொள்ளலாமா? இப்படியே யோசித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. நிற்கவில்லை. அப்படியே கிழக்கே நகர்ந்து, கடல்மேல் போய், யாருக்கும் உபயோகமில்லாமல் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது.

செருப்புக்காகவாவது அவர்கள் திரும்பி வரத்தான் வேண்டும். வந்தார்கள். முழங்கால்வரை சேறு. கையெல்லாம் உப்பு.

"டேய் மைக்கு! எங்கடா மழ?"

"கடலுக்குச் சொல்லிட்டானாம்பா, தப்பா கேட்டுட்டு நாம ஓடிட்டோம்!"

"உன் வாயில உப்பக் கொட்ட. வயித்துல சோறு குதிக்குது எனக்கு."

சிலர் சிரித்தார்கள், சிலர் நிஜமாகவே திட்டினார்கள். நான் எழுந்து நின்று, அது அறிவிப்பு இல்லைங்க, கவிதைங்க, நான் எழுதினதுங்க என்று மென்று விழுங்கிச் சொன்னேன். கவிதையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவும் சேற்றுக் காலோடு அவர்கள் நடுவில் நின்றாள்.

"உனக்குமா தெரியல?" என்று அவளைக் கேட்டேன். "உனக்குத்தான் படிச்சுக் காட்டினேனே."

"தெரியும்டா. ஆனா ஸ்பீக்கர்ல வந்திச்சே. கால் நிக்குமா?"

அப்போது கூட்டத்தில் ஒரு பெரிய மீசைக்காரர், முதலில் எழுந்து ஓடினவர், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"சரிப்பா, ஓடவுட்டே. மேக்குப் பாத்தியில மழ வந்திச்சு. அப்புறம்? உப்ப எடுத்தாங்களா, போச்சா?"

எனக்கு ஒரு நிமிஷம் அவர் என்ன கேட்கிறார் என்று விளங்கவில்லை. மீதியைக் கேட்கிறார்.

பாயைப் பார்த்தேன். அவர் தார்ப்பாயை விட்டு இறங்குவதாக இல்லை. "மைக்கெல்லாம் கெடையாது. வாயால சொல்லு, போதும்" என்றார்.

மைக் இல்லாமல் என் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் "கேக்கல, கேக்கல" என்று நெருங்கி வந்தார்கள். மேடைக்கட்டையில் சாய்ந்தும் தரையில் குந்தியும், உப்பு வாடையும் சேற்று வாடையுமாக என்னைச் சுற்றி அடைத்துக்கொண்டார்கள். "மொதல்லேருந்து சொல்லு" என்றாள் யாரோ ஒருத்தி. நான் முதலிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு 'மழை வருகிறது'க்கும் யாராவது ஒருவர் தலையைத் திருப்பி மேற்கைப் பார்த்துவிட்டு மறுபடி என் வாயைப் பார்த்தார். கைதட்ட எங்கும் இடமில்லை, நிறுத்தினால்தானே. கடைசிக்கு வந்தேன்.

"... ஓலை வந்து சேரும்போது குவியல் பாதி இல்லை, மழை போய்விட்டது, உப்பு எங்கேயும் போகவில்லை, பாத்தித் தண்ணீரிலேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது, அக்கா குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைக்கிறாள், நாளைக்கு வெயில் வரும் என்று சொல்லவில்லை, இருக்கிறது என்கிறாள், இருக்கிறது என்று மட்டும்."

தாளை மடித்தேன். வாக்கியம் இன்னும் வருமென்று எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் மீசைக்காரர்.

"முடிஞ்சுதுங்க."

"ம்" என்றார். ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவுமில்லை. ஒரு பெண் மட்டும் போகிற போக்கில் தன் விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் கையெல்லாம் உப்பாச்சே, முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

அக்காவும் நானும் உப்பள ரோட்டில் வீட்டுக்கு நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள்:

"எல்லாம் சரிதான்டா. நான் எங்கடா நக்கிப் பாத்தேன்?"

"பாக்கலியா?"

"மழயில நனஞ்சு வெடவெடன்னு வூட்டுக்கு ஓடியாந்தேன். நக்கினாளாம்." சிரித்தாள். "ஆனா அத எடுத்துடாத. இருக்கட்டும்."

எடுக்கவில்லை. ஆனால் அன்று வழியெல்லாம் எனக்கு வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்கட்டையின் அந்த ஓரத்தில், ஸ்பீக்கர் கம்பத்துக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு, 'இருக்கிறது' என்று நான் கடைசியாகச் சொன்னது கேட்டிருக்குமா?